குடியேறும் இடத்தை யாருடைய கணக்கில் தேர்வது?

மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்றே எழும் கேள்வி, வீடு எங்கே பார்ப்பது என்பது. தேனி மாவட்டத்துக்கு வந்து சேரும் ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் பலருக்கு அது தேனியா பெரியகுளமா என்று சுருங்கிவிடும். இரண்டுக்கும் இடையே சுமார் 16 கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரம் நகராட்சியில் 94 ஆயிரத்துக்கு மேல், பெரியகுளம் நகராட்சியில் 43 ஆயிரத்தை ஒட்டி மக்கள் இருந்தார்கள். கடைத்தெருவும் ரயிலும் ஆட்சியர் அலுவலகமும் தேனியில். வராகநதியும் மாந்தோப்புகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் பெரியகுளத்தில். கேள்வி சிறிது. அதற்குப் புலவர்களும் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் காலங்காலமாகச் சொல்லிவந்த விடைகளோ பல. அவற்றுள் முதன்மையானவற்றைப் பெரியகுளத்திலிருந்து கம்பம் வரை நீளும் நிலப்பகுதியின் அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். எதைக் கணக்கில் எடுப்பது என்பதில் அந்த விடைகள் தம்முள் முரண்படுகின்றன. ஆனால் யாருடைய கணக்கு என்று பெரும்பாலானவை கேட்பதே இல்லை.

பழைய விடைகள்: உறவு, நீர், உடல்நலம்

சிலப்பதிகாரத்தில் இந்தக் கேள்வி கதையின் திருப்பத்திலேயே நிற்கிறது. புகாரை விட்டு வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளின் பொறுப்பில் விட்டுவிட்டு, மதுரையைத் தனியாகச் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறான். அவர்கள் தங்கியிருந்த புறஞ்சேரி துறவிகளுக்குரிய இடம். குடும்பத்தார் இரவு தங்கத் தக்கதன்று. ஆகவே கவுந்தி, ஆயர்குலத்து மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அதுவும் இடைக்கால ஏற்பாடுதான். கோவலனின் தந்தை இன்னார் என்று தெரிந்தால் நகரத்து வணிகர்களே எதிர்கொண்டு அழைத்துத் தங்கள் மனையில் இருத்திக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. குலத்தொடர்பு குடியிடம் தரும் என்ற எண்ணம் அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் உறவுவலை என்று பேசுவதும் இதைத்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஊரைப் பார்த்து வந்தவன் கோவலன். அங்கே பகல் முழுதும் வீட்டில் இருக்கப்போகிறவள் கண்ணகி. அவள் பார்க்கவில்லை.

நீதிநூல்கள் வேறு அளவுகோல்களைத் தருகின்றன. சாணக்கியர் பெயரில் வழங்கும் நூல் செல்வர், வேதம் கற்றவர், அரசர், ஆறு, மருத்துவர் என ஐந்தைக் கேட்கிறது. ஔவையாரின் கொன்றைவேந்தன் கோயிலைக் கேட்கிறது. இவற்றில் ஆறும் மருத்துவரும் இன்றைக்கும் செல்லுபடியாகின்றன. வீடு பார்க்கப் போகிறவர் வாடகைக்கு முன்பே விசாரிப்பது, நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், போர் தண்ணீர் உப்பா என்பவற்றைத்தான். பெரியகுளத்தின் பெருமைகளில் ஒன்று, வராகநதியின் மேலே இருக்கும் சோத்துப்பாறை அணையிலிருந்து வரும் குடிநீர். வடகரை, தென்கரை என்று ஊரை இரண்டாக்கி நடுவே ஓடும் அதே ஆறுதான், அணை நிரம்பும் பருவத்தில் கரையோரத்தாருக்கு வெள்ள எச்சரிக்கை விடவும் காரணமாகிறது. ஆறு இருக்க வேண்டும் என்று சொன்ன நீதிநூல், ஆற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி வீடு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

உடல்நலத்தை வைத்து இடம் தேர்ந்ததற்கு மிகத் தெளிவான சான்று பெரியகுளத்துக்கு நேர் மேலே இருக்கிறது. தாழ்நிலத்துக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தாரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கொடைக்கானலில் பங்களாக்கள் எழுப்பினார்கள். நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்பது அக்கால மருத்துவத்தின் நம்பிக்கை. அந்தக் காரணம் பின்னால் பொய்யாயிற்று. ஆனாலும் குளிர்ந்த மலை கொசுக்காய்ச்சலிலிருந்து உண்மையாகவே காப்பாற்றியது. தவறான கோட்பாடு சரியான இடத்தைக் காட்டிய அபூர்வம் இது. வண்டிப்பாதை அமைவதற்கு முன், பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்து அவர்களையும் அவர்கள் மூட்டைகளையும் மேலே சுமந்தவர்கள், மலைக்காற்று பெற்றுத் தங்கிவிடவில்லை. இறங்கி அதே காய்ச்சல் நிலத்துக்குத் திரும்பினார்கள். நலம் தரும் இடத்தைத் தேர்வது என்பது தேர வல்லவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

தூரத்தின் கணக்கு

நவீன விடைகளில் அதிகச் செல்வாக்குப் பெற்றது தூரத்தை வைத்துப் போடும் கணக்கு. ஜெர்மானிய நிலக்கிழார் ஃபான் தூனென் 1826இல் சந்தையிலிருந்து தொலைவு கூடக்கூட நிலத்தின் பயன்பாடும் குத்தகையும் எப்படி மாறும் என்று வரைந்து காட்டினார். 1964இல் வில்லியம் அலோன்சோ அதையே நகர வீடுகளுக்குப் பொருத்தினார். மையத்துக்கு அருகே வாடகை மிகுதி, வீடு சிறிது. தள்ளிப் போனால் வாடகை குறையும், பயணச் செலவு கூடும். குடும்பம் தன் வருமானத்துக்கு ஏற்ற சமநிலைப் புள்ளியில் போய் அமரும் என்பது அவர் வாதம். தேனிக் கடைவீதியை ஒட்டி ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் தொகையில், பெரியகுளத்தில் முற்றமும் கிணறும் உள்ள வீடு கிடைக்குமா என்று கேட்கிறவர் அலோன்சோவின் கணக்கைத்தான் போடுகிறார்.

இந்தக் கணக்குக்கு ஒரே மையம் வேண்டும். தேனி மாவட்டம் அப்படி அமையவில்லை. 1996இல் மதுரையிலிருந்து பிரித்து இந்த மாவட்டத்தை அமைக்க முடிவானபோது தலைநகர் தேனி ஆயிற்று. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியோ மதுரைச் சாலையில் க.விலக்கில். மாவட்ட நீதிமன்றம் இரண்டு ஊர்களுக்கும் இடையே இலட்சுமிபுரத்தில். தோட்டக்கலைக் கல்லூரி பெரியகுளத்தில், ஏலக்காய் வணிகம் போடியில், பூண்டுச் சந்தை வடுகபட்டியில். கணவர் க.விலக்கிலும் மனைவி தேவதானப்பட்டிப் பக்கத்துப் பள்ளியிலும் வேலை பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு எது மையம்? அலோன்சோவின் சூத்திரம் இங்கே விடை தராது. அவர் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் வேலைக்குப் போகிறவர் ஒருவரே.

மையம் இடம்பெயரவும் செய்யும். தேனியில் புறவழிச்சாலையில் கர்னல் ஜான் பென்னிகுயிக் பேருந்து நிலையம் வந்ததும், பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் என்ற விளம்பரத்தின் பொருள் மாறியது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நின்றது. தேனிக்கு ரயில் திரும்ப 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூனும் ஆயிற்று. 2011இல் குடிவந்தவர் போட்ட தூரக் கணக்கும் 2023இல் வந்தவர் போட்டதும் ஒன்றாக இருக்க முடியாது. பெரியகுளத்துக்கு அப்போதும் ரயில் இல்லை, இப்போதும் இல்லை. வாடகைக்கு இருப்பவர் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். வீட்டுக்கடன் வாங்கியவரால் முடியாது. புது ஊரில் முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது வாடகை வீடே மேல் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தூரத்தை ரூபாயில் அளக்காமல் மணியில் அளக்கலாம் என்றவர்களும் உண்டு. மனிதர்கள் எந்த நாட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். நீண்ட பயணம் செய்கிறவர்களுக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ ஈடாகி நிற்க வேண்டும். ஜெர்மானியத் தரவுகளில் அப்படி நிற்கவில்லை, அவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது என்று ஸ்டட்சரும் ஃபிரேயும் 2008இல் காட்டினார்கள். இந்த முடிவு எல்லா நாட்டுத் தரவிலும் உறுதிப்படவில்லை. ஆனால் 2011இல் ராபர்ட்ஸ், ஹாட்ஜ்சன், டோலன் ஆகியோர் பிரிட்டிஷ் தரவுகளில் கண்டது நம் கேள்விக்கு நெருக்கமானது: பயண நேரம் பெண்களின் மனநலத்தைப் பாதித்தது, ஆண்களை அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்கள் மேல் விழுவதே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஒரே பேருந்து, ஒரே 16 கிலோமீட்டர். ஏறி இறங்குகிற இருவருக்கும் தூரம் ஒன்றில்லை.

சார்லஸ் டீபோ 1956இல் முன்வைத்த விடையை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். தமக்குப் பிடித்த வரியும் வசதியும் தரும் ஊராட்சியை நோக்கி மக்கள் நகர்வார்கள், அந்த நகர்வே ஒருவகை ஓட்டு என்றார். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு அது பொருந்தலாம். பெரியகுளம் நகராட்சியை ஒட்டித் தென்கரைப் பேரூராட்சி தனி அமைப்பாக இருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் சொத்துவரி மாற்றம் 2022இல் நடந்ததுபோல மாநில அரசின் முடிவிலிருந்தே தொடங்குகிறது. உள்ளாட்சிகளிடையே பெரிய போட்டிக்கு இடமில்லை. குழாய்த் தண்ணீரின் முறை நாள் மட்டுமே டீபோவின் தர்க்கத்தை இங்கே ஓரளவு உயிரோடு வைத்திருக்கிறது.

வீடு கொடுப்பவர்

இதுவரை சொன்ன விடைகள் எல்லாம் தேடுகிறவர் கையில் தேர்வு இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. தேர்வின் பாதி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. 2015இல் சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் தில்லியிலும் சுற்றுநகரங்களிலும் சாதி, மதம் மட்டுமே வேறுபடும் ஆட்களைக் கொண்டு வாடகை வீடு விசாரிக்கச் செய்தார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் மற்றவர்களைவிட அதிகமாக மறுக்கப்பட்டார்கள். 2001 கணக்கெடுப்பை வைத்து ஏழு பெருநகரங்களை ஆராய்ந்த வித்தயத்தில், காயத்ரி சிங் ஆகியோர், குடியிருப்புகள் பொருளாதார நிலையால் பிரிவதைவிடச் சாதியால் அதிகம் பிரிந்திருப்பதை 2012இல் எழுதினார்கள். நகரம் பெரிதாகப் பெரிதாகப் பிரிவினை கரையும் என்ற நம்பிக்கைக்கு நவீன் பாரதி முதலியோரின் பிந்தைய ஆய்விலும் ஆதரவு கிடைக்கவில்லை. கிராமம் குறுகிய மனத்தின் குழி என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சாடிய அம்பேத்கர் நகரத்தின் மேல் வைத்த நம்பிக்கைக்கு, நகரம் இன்னும் முழு விடை சொல்லவில்லை.

மாற்று விளக்கமும் இருக்கிறது. தாமஸ் ஷெல்லிங் 1971இல் பலகையில் காய்களை நகர்த்திக் காட்டியது இது: யாரும் வெறுப்புக் கொள்ளாமல், தன்னைப் போன்றவர் சிலர் அருகில் இருந்தால் போதும் என்று மட்டும் நினைத்தாலும், தெருக்கள் தாமாகவே முழுதாகப் பிரிந்துவிடும். புது ஊருக்கு வருகிறவர் சொந்தக்காரர் இருக்கும் தெருவைத் தேடுவதில் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் பணத்துக்கும் குழந்தைக்கு உடம்பு சரியில்லாத இரவுக்கும் ஆள் வேண்டும். இந்திய ஆண்கள் கூலி வித்தியாசம் பெரிதாக இருந்தும் ஊரை விட்டு நகரத் தயங்குவதற்குச் சாதி வலை தரும் ஆபத்துக்காலப் பாதுகாப்பே ஒரு காரணம் என்று முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் 2016இல் வாதிட்டார்கள். தேனியில் கல்வி நிறுவனங்கள் பல சமுதாய உறவின்முறைகளின் பெயரையே தாங்கி நிற்பதும் அத்தகைய வலையின் வலிமைக்குச் சான்று. ஆயினும் ஷெல்லிங்கின் மாதிரியை ஊர்–காலனி என்று கோடு போட்ட நிலத்துக்கு அப்படியே கொண்டுவருவது பிழை. அவர் பலகையில் எல்லாக் காய்களுக்கும் நகரும் உரிமை சமம். நம் தெருக்களில் ஒரு சாராரின் விருப்பம் மறுசாராரின் தடையாக இருந்துவந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது; வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றது. அதன் கவனம் வீடு கிடைத்த பிறகு நடப்பதில். வீடு கிடைப்பது வரை நடப்பது இன்னும் புரோக்கரின் முதல் கேள்வியில்தான் இருக்கிறது.

மலைக்குப் போகும் ஜீப்புகள்

எல்லாக் கோட்பாடுகளையும் ஒருசேரச் சோதிக்கும் நிகழ்வு கம்பம் பள்ளத்தாக்கில் தினமும் விடிவதற்கு முன் தொடங்குகிறது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். தூரக் கணக்கின்படி அவர்கள் வேலையிடத்திலேயே குடியேற வேண்டும். கூலி அங்கே அதிகம், பயணமோ கொண்டையூசி வளைவுகளில் ஆபத்தானது. இருந்தும் வீடு பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. ரேஷன் அட்டை இங்கே, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி இங்கே, ஓட்டும் சொந்தக் கூரையும் இங்கே. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி எல்லை கொந்தளித்தபோதும், 2020 ஊரடங்கில் சோதனைச்சாவடிகள் அடைபட்டபோதும், கூலி நின்றது, வீடு நிலைத்தது. வேலையும் வீடும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

அதன் மறுபக்கம் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் வெளியே என்பது லயத்தின் விதி. இடத்தைத் தேர்வது நிர்வாகம், இருப்பது தொழிலாளி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் சரிந்த மலை லயங்களை மூடியதில் 70 பேர் உயிர் போயிற்று. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவர்கள். எங்கே குடியிருப்பது என்ற கேள்வியே கேட்கப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இதற்கு மேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் வைத்தால், வேலைக்கு அருகில் இருப்பதைவிட வேலை போனாலும் நிலைக்கும் கூரை மேல் என்று ஜீப்பில் ஏறும் பெண்கள் கணித்திருப்பது விளங்கும். அது பொருளியல் அறியாமை ஆகாது.

யாருடைய மணி நேரம்?

இந்தியாவில் இடம்பெயர்வோர் யார் என்று பார்த்தால் கோட்பாடுகளின் பொதுக்குறை தெரிகிறது. 2020–21ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இடம்பெயர்ந்தவர்கள் பெண்களில் 47.9 சதவீதம், ஆண்களில் 10.7 சதவீதம். இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதத்தினருக்குக் காரணம் திருமணம். அதாவது இந்நாட்டில் புது ஊருக்குக் குடிபோகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், இடம் தேர்வதைப் பற்றிய நூல்களில் தேர்வாளராக வராதவர்கள். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், செய்கிற ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். குழாயடி, ரேஷன் கடை, பள்ளி வாசல், மருந்துக்கடை ஆகியவற்றின் தூரத்தை நாள்தோறும் நடந்து தீர்ப்பவர் ஒருவர். அலுவலகத்தின் தூரத்தை வைத்து வீடு பிடிப்பவர் இன்னொருவர். வீட்டிலும் தெருவிலும் அதிக மணி நேரம் இருக்கப்போகிறவரின் கணக்கே முதற்கணக்காக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். பணிக்குச் செல்கிறவரின் பயணம் அதற்கு அடுத்தபடி வர வேண்டும்.

சம்பாதிப்பவர் சோர்ந்தால் குடும்பமே சோரும், ஆகவே அவர் பயணமே முதலில் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது; இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கோ விடியலில் பால் எடுக்கும் தொழிலாளிக்கோ அருகாமை உயிர்ப்பிரச்சினை. ஆனால் வேலையிடம் மாறும் இயல்புடையது. மாறுதலும் கலந்தாய்வும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரலாம். பிள்ளையின் பள்ளியையும் முதியவரின் மருத்துவரையும் அதே வேகத்தில் மாற்ற இயலாது. அமெரிக்காவில் 1994இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய குடிமாற்றச் சோதனையைச் செட்டி, ஹெண்ட்ரன், காட்ஸ் 2016இல் மறுபடி ஆராய்ந்தபோது, பெரியவர்களின் வருமானத்தில் மாற்றம் தெரியவில்லை. 13 வயதுக்குள் நல்ல பகுதிக்குப் போன குழந்தைகள் வளர்ந்தபின் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த நாட்டு எண்ணை இங்கே பொருத்திவிட முடியாது. என்றாலும் இடத்தின் பலன் சம்பாதிப்பவரைவிட வளர்பவரிடம் அதிகம் சேர்கிறது என்ற திசை கவனிக்கத்தக்கது.

குடும்பம் ஒன்றாகக் கூடித்தானே முடிவெடுக்கிறது, கணக்கைப் பிரிப்பானேன் என்று கேட்கலாம். கூடிப் பேசுவது உண்மையானால் நல்லது. வீடு பார்க்க யார் போகிறார், எந்த நேரத்தில் போகிறார் என்பதே அதற்குச் சோதனை. ஞாயிறு காலை வந்து பார்ப்பவருக்கு நடுப்பகல் வெயிலும் தண்ணீர் வராத செவ்வாயும் இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாத தெருவும் தெரியாது.

மூன்றாவது மறுப்பு கடினமானது: கிடைத்த வீட்டில் இருப்பவருக்கு இந்த வாதம் எதற்கு? சாதியாலோ மதத்தாலோ மறுக்கப்பட்டவருக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும், லயத்தில் இருப்பவருக்கும் எந்த அளவுகோலும் வீண் என்பது சரியே. அவர்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது சட்டத்தின் வேலை, தேர்வின் வேலை இல்லை. ஆனால் பொது ஏற்பாடுகள் கணக்கை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று கைவசம் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள். பெரியகுளத்தைச் சுற்றியுள்ள கிராமத்தில் இருந்துகொண்டே கடைக்கோ கல்லூரிக்கோ வருவதற்கான ரூபாய்த் தூரம் ஒரே உத்தரவில் பூஜ்யமாயிற்று.

முடியாத கணக்குகள்

ரூபாய் குறைந்தது, மணி குறையவில்லை. கட்டணம் இல்லாததால் குடும்பங்கள் இன்னும் தள்ளி வாடகை குறைந்த இடத்துக்குப் போகுமானால், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் பெண்களின் வீட்டு வேலை 299 நிமிடத்தின் மேல் ஏறுமா, அல்லது இலவசப் பேருந்தால் கைக்கு எட்டிய வேலை அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை வேறு தோளுக்கு மாற்றுமா என்பது திறந்தே இருக்கிறது. உறவுவலையின் துணையைத் தெருவோடு கட்டாமல் தர இயலுமா என்பதும் அப்படியே. 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், அகலப்பாதை ரயிலும் இலவசப் பேருந்தும் வந்தபின் இந்த மாவட்டத்தில் யார் எங்கே குடியேறினார் என்று வார்டுவாரியாகப் பார்க்க வழியில்லை. அடுத்த கணக்கெடுப்பு ஊர் மாறியதன் காரணத்தைக் கேட்கும். அந்த ஊருக்குள் அந்தத் தெருவைத் தேர்ந்தவர் குடும்பத்தில் யார் என்றும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால், கோவலன் பார்த்த மதுரையோடு கண்ணகி இருந்த மதுரையையும் சேர்த்து அளக்கத் தொடங்கலாம்.